புளியமரத்து ஐந்து நிமிடம்

சனிக்கிழமை ராத்திரியே பையை எடுத்து வைத்துவிடுவேன். வெள்ளை அங்கி, அந்தந்தக் காலத்துக்குரிய நிறத்தில் தோளில் போடும் ஸ்டோல், திருவிருந்துக் கிண்ணம், அப்பத் தட்டு, ஆராதனை முறைமைப் புத்தகம், பாமாலை, ஒரு துண்டு, இரண்டு பாட்டில் தண்ணீர். எல்லாவற்றுக்கும் மேலே நீளமான ஒரு ஸ்க்ரூடிரைவர். முதல்முறை அந்தப் பையைத் திறந்து பார்த்த என் தம்பி, "அக்கா, கோயிலுக்குப் போறீங்களா, மெக்கானிக் கடைக்குப் போறீங்களா?" என்றான். எங்கள் பக்கம் கரிசல் மண். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஒரு மழை பெய்துவிட்டால் களியாகிவிடும். பாதையில் வண்டி நூறு அடி போவதற்குள் மண் சக்கரத்தில் அப்பி, மட்கார்டுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். இறங்கி நின்று நோண்டி எடுத்தால்தான் அடுத்த நூறு அடி. என் கணவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து நோண்ட, நான் பையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி நிற்க, எதிரே ஆடு ஓட்டி வருகிறவர்கள், "ஸ்தோத்திரம்யா, இன்னைக்கு நடந்தே போயிருக்கலாம்ல" என்று சொல்லிக்கொண்டு போவார்கள்.

என் கணவர் தென்னிந்தியத் திருச்சபையில் ஆயர். கல்யாணமாகி மூன்று வருடம் ஆகிறது. திருமங்கலத்துக்கும் டி.கல்லுப்பட்டிக்கும் நடுவே, ராஜபாளையம் சாலையிலிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே ஒரு ஊரில் எங்கள் குருமனை, அதாவது ஆயர் குடியிருக்கும் வீடு. இந்த ஊரோடு சேர்த்து நான்கு ஊர்கள் இவர் பொறுப்பில். ஞாயிறு காலை ஆறரைக்கு முதல் ஊரில் ஆராதனை, எட்டரைக்குக் குருமனை ஊரில், பதினொன்றுக்கு மூன்றாவது ஊரில், சாயங்காலம் நான்காவது ஊரில். அங்கே முடித்து, இரண்டு வீடு சந்தித்துத் திரும்ப ராத்திரி ஒன்பதாகிவிடும். எல்லாம் ஒரு பழைய ஸ்பிளெண்டரில்தான்.

ஆயர் வீடு என்றால் எந்நேரமும் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டே இருப்போம் என்று என்னோடு லேடி டோக் கல்லூரியில் படித்த தோழிகள் சிலர் இன்னும் நம்புகிறார்கள். போனில் பேசும்போதே குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். ஜெபிக்கிறோம்தான். ஆனால் நாங்கள் நிறையச் சிரிக்கிறோம். அதை எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

என்னை இங்கே என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பதிலிருந்தே தொடங்கலாம். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கு நான் "பாஸ்டரம்மா". கமிட்டி ஆட்களுக்கு "ஆயரம்மா". எழுபது வயதைத் தாண்டிய அப்பத்தாக்களுக்கு "ஐயரம்மா". இவரை அவர்கள் "ஐயரு" என்பார்கள். புதிதாக வந்தபோது என் மாமியாருக்கே அது விநோதமாகப் பட்டது. பழைய வழக்கு அது. மிஷனரிகள் காலத்தில் மரியாதைச் சொல்லாக ஒட்டிக்கொண்டது. ஜி.யு.போப்பைப் போப்பையர் என்றுதானே தமிழ்நாடு சொன்னது? 1834இல் அமெரிக்க மிஷனரிகள் மதுரைக்கு வந்தார்கள். பிறகு திருமங்கலமும் அவர்களுக்கு ஒரு மிஷன் நிலையமானது. அந்தக் காலத்துச் சொல் இந்தக் கிழவிகளின் வாயில் இன்னும் உயிரோடு இருக்கிறது. "ஐயரு சாப்ட்டாகளா?" என்று இருபத்தொன்பது வயது ஆளைப் பற்றி எண்பது வயது அப்பத்தா கேட்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் உள்ளுக்குள் ஏதோ இளகும்.

அந்த மிஷனரிகள் காங்கிரிகேஷனல் மரபுக்காரர்கள். சபையார் எல்லாரும் கூடிப் பேசி முடிவெடுப்பது அந்த மரபு. 1947 செப்டம்பர் 27இல் பல சபைகள் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை ஆனபோது, பேராயர், அவர் பொறுப்பில் ஒரு திருமண்டலம் என்று புது அமைப்பு வந்தது. ஆனாலும் கூடிப் பேசும் பழக்கம் எங்கள் ஊரைவிட்டுப் போகவே இல்லை என்று நினைக்கிறேன். குருமனை ஜன்னலுக்குத் திரை போட வேண்டும் என்று ஒரு அக்காவிடம் சாதாரணமாகச் சொன்னேன். அந்த வாரமே மூன்று நிறத்தில் துணி வீட்டுக்கு வந்தது. நான்காவதாக ஒரு பெரியவர் வந்து, "திரை எதுக்கும்மா? காத்து வரட்டும்" என்றார். கடைசியில் பச்சை ஜெயித்தது. தைத்துக் கொடுத்தது தையல் மெஷின் வைத்திருக்கும் பக்கத்து வீட்டு மதினி. அவர் எங்கள் சபையில்லை, முனியாண்டி சாமி கும்பிடுகிறவர். "நம்ம ஊரு ஐயரு வீடுதானே" என்று காசு வாங்க மறுத்துவிட்டார்.

அந்தத் திரையால் பெரிய பலன் ஒன்றும் இல்லை. குருமனைக் கதவு சாத்துவதில்லை. விடியற்காலை ஐந்தரைக்கே ஒருவர் வந்து நிற்பார், போர் போடும் வண்டி வருகிறது, தண்ணீர் கிடைக்க ஜெபம் பண்ண வேண்டும் என்று. "எத்தனை அடிக்குன்னு கேட்டு ஜெபிக்கட்டும்?" என்று இவர் கேட்டால், "முன்னூறுக்குள்ள வந்துட்டா நல்லதுங்கய்யா, அதுக்கு மேல காசில்ல" என்று பதில் வரும். சரி என்று முன்னூறு அடிக்குள் வேண்டும் என்றே இவர் ஜெபிப்பார். புது டி.வி.எஸ். எக்ஸ்எல் வாங்கினால், அது கடையிலிருந்து முதலில் வந்து நிற்கும் இடம் எங்கள் வாசல். மாடு கன்று ஈன முடியாமல் தவித்தால் ராத்திரி எந்நேரமும் கூப்பிடுவார்கள். மார்ச் மாதம் பொதுத்தேர்வு தொடங்கும் முன்பு பிள்ளைகள் எல்லாம் ஹால் டிக்கெட்டையும் பேனாவையும் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைப்பார்கள். போன வருடம் ஒரு பையன் நான்கு பேனா கொண்டுவந்தான். "உனக்கு எதுக்குடா நாலு?" என்றேன். "ரெண்டு எனக்குக்கா. ரெண்டு என் ஃப்ரெண்டுக்கு. அவங்க கோயில்ல இந்த வசதி இல்லையாம்" என்றான்.

இவருக்கு இதெல்லாம் பழகியது. அரசரடியில் இருக்கிற தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் படித்தவர். 1969இல் தொடங்கிய கல்லூரி அது. படிக்கும் காலத்திலேயே மாணவர்களை வளாகத்துக்கு வெளியே, உழைக்கிற மக்கள் நடுவில் குடியிருக்க வைக்கும் பழக்கம் அங்கே உண்டு. இவரும் அப்படி ஒற்றை அறையில், பொதுக் குழாய்த் தண்ணீரில் இருந்து பார்த்தவர். கதவு திறந்தே கிடந்தால் இவருக்குத் தூக்கம் வரும். நான் நரிமேட்டில் மூன்றாவது மாடியில், கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள் போட்ட வீட்டில் வளர்ந்தவள். கல்யாணமான புதிதில் ஒரு நாள் நான் தலைக்குக் குளித்துவிட்டுத் துண்டோடு வெளியே வந்தால், அடுப்படியில் ஒரு அப்பத்தா உட்கார்ந்து எங்கள் வீட்டு வெங்காயத்தை உரித்துக்கொண்டிருந்தார். "நீ தலையைத் துவட்டு தாயி. ஈரத்தோட நிக்காத" என்று மட்டும் சொன்னார். கோபப்படுவதா, நன்றி சொல்வதா என்று தெரியாமல் நின்றேன். அன்றைக்குச் சாம்பார் அவர் வைத்ததுதான். அப்படி ஒரு சாம்பார் அதற்கு முன் அந்த அடுப்பில் கொதித்ததில்லை.

ஆனால் புதுசாகக் கல்யாணமான இரண்டு பேருக்குத் தனியாகப் பேசிக்கொள்ள ஒரு இடம் வேண்டாமா? எங்களுக்கு வண்டிதான் அந்த இடம். ஓடுகிற வண்டியில் யாரும் வந்து உட்கார முடியாது. அதிலும் ஞாயிறு ராத்திரி திரும்பும்போது, ஊருக்கு முக்கால் கிலோமீட்டர் முன்னால், கண்மாய்க் கரை திரும்பும் இடத்தில் ஒரு பெரிய புளியமரம் இருக்கிறது. ராத்திரியில் புளியமரத்தடியில் நிற்கக் கூடாது, பேய் இருக்கும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சேதி. அதனால் பொழுது சாய்ந்தால் அங்கே ஒரு ஆள் வரமாட்டார். முதல் வருடம் ஐப்பசியில் ஒரு நாள் இவர் அந்த மரத்தடியில் வண்டியை நிறுத்தி, லைட்டை அணைத்தார். "என்னங்க, பெட்ரோல் தீர்ந்திருச்சா?" என்றேன். "இல்ல தாயி. ஒரு அஞ்சு நிமிசம்" என்றார். இவரும் என்னைத் தாயி என்றுதான் கூப்பிடுவார், ஊர்ப் பழக்கம் தொற்றிக்கொண்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அங்கே நிற்போம். பையில் மிச்சமிருக்கும் வறுகடலையைக் கொறிப்போம். காலையில் கோயிலில் கீர்த்தனை பாடிய அதே கணீர்க் குரலில் இவர் சினிமாப் பாட்டு பாடுவார். கண்மாய்த் தவளைகள் கூடவே கத்தும். அன்று பேசிய நான்கு பிரசங்கத்தில் எது நன்றாக இருந்தது என்று கேட்பார். பெரும்பாலும் நான்காவதுதான், மூன்று ஊரில் பேசிப் பார்த்த பிறகு வருவது அல்லவா!

வீடு சந்திப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு வீட்டுக்குப் போனால் எதையாவது குடிக்காமல் வெளியே வர முடியாது. டீயாக இருந்தால் பரவாயில்லை. வெயில் காலத்தில் கலர்தான். கலர் என்றால் இங்கே பவண்டோ. அதைத் தயாரிக்கும் காளிமார்க், 1916இல் பக்கத்து விருதுநகரில் பிறந்த கம்பெனி. அதனாலோ என்னவோ இந்த வட்டாரத்தில் விருந்தாளிக்கு அதைக் கொடுத்தால்தான் மரியாதை. நாம் படியேறுவதைப் பார்த்ததுமே வீட்டுப் பையன் பின்பக்கமாகக் கடைக்கு ஓடுவான். வேண்டாம் என்று சொல்லவே முடியாது, ஏனென்றால் அவன் ஏற்கெனவே ஓடிவிட்டான். போன சித்திரையில் ஒரே நாளில் பதினொரு வீடு. பதினொரு பவண்டோ. ஏழாவது வீட்டில் நாங்கள் ஒரு சைகை கண்டுபிடித்தோம். நான் சேலைத் தலைப்பைச் சரிசெய்தால் என் கிளாசை அவர் வாங்கிக்கொள்ள வேண்டும். அவர் கண்ணாடியைத் துடைத்தால் அவர் கிளாஸ் எனக்கு. ஒன்பதாவது வீட்டில் நான் தலைப்பைச் சரிசெய்த அதே நொடியில் அவர் கண்ணாடியைக் கழற்றினார். இருவரும் கிளாசை மாற்றிக்கொண்டோம். அந்த வீட்டு அம்மா, "பாத்தியாடி, எவ்வளவு ஒத்துமை" என்று தன் மருமகளிடம் சொன்னார். எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் சட்டென்று, "ஜெபிப்போமா?" என்று கேட்டு, கண்ணை மூடி, தலையை நன்றாகத் தாழ்த்திக்கொண்டார். அவர் தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

மல்லிகைப்பூ சமாசாரம் வேறு. முதல் ஞாயிறு நான் பூ வைக்காமல்தான் கோயிலுக்குப் போனேன். பூவும் நகையும் கூடாது என்கிற சபைகள் உண்டு, எங்கள் சபையில் அப்படி ஒரு கட்டுப்பாடு கிடையாது. ஆனாலும் புது ஊர், என்ன நினைப்பார்களோ என்ற பயம். ஆராதனை முடிந்து வெளியே வந்தால் பெண்கள் எல்லாம் என் தலையைப் பார்த்துப் பார்த்து எதையோ முணுமுணுத்தார்கள். எனக்குக் கை கால் ஓடவில்லை. மதியம் மூன்று மணிக்கு வாசலில் ஒரு கூட்டம். வாழை இலையில் சுற்றிய பொட்டலம். திருமங்கலம் பக்கம் மல்லிகைத் தோட்டம் நிறைய. 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லி இந்த மண்ணிலும்தான் விளைகிறது. முந்தின நாள் பறித்தால்கூட வாசம் போகாத, காம்பு தடித்த மொட்டு. "எங்க கொல்லையில பூக்குற பூவு. ஐயரம்மா தலை மொட்டையா இருந்தா எங்க ஊருக்குல்ல அசிங்கம்?" என்று ஒருவர் என்னைத் திருப்பி உட்கார வைத்து, தானே வைத்துவிட்டார். அன்றிலிருந்து இன்றுவரை ஒரு ஞாயிறுகூட நான் பூ வாங்கியதில்லை.

இனி, திராட்சை ரசம்.

எனக்குத் தெரிந்த குருமனைகளில், அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்துக்கான ரசத்தை வீட்டிலேயே காய்ச்சுவார்கள். புளிக்காத ரசம். என் மாமியார் சொல்லிக் கொடுத்த பக்குவம் இது: கம்பத்துப் பன்னீர் திராட்சைதான் வேண்டும், கறுப்பாக, விதையோடு, தோல் கொஞ்சம் புளிப்பாக. காம்பு நீக்கி, நாலு தண்ணீரில் அலசி, மூழ்குமளவு தண்ணீர் விட்டுத் தோல் வெடிக்கும்வரை கொதிக்க வைத்து, மசித்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி, சர்க்கரை சேர்த்து இன்னொரு கொதி. ஆறியதும் பாட்டிலில். நிறம் கத்தரிப்பூவுக்கும் ரத்தத்துக்கும் நடுவே இருக்கும். காய்ச்சும் நாள் வீடே கம்பம் பள்ளத்தாக்கு மாதிரி மணக்கும். அந்த வேலையை நான் மனதாரச் செய்கிறேன். நான் காய்ச்சியது அந்தக் கிண்ணத்தில் போய்ச் சேர்கிறது என்பதை நினைத்தால் கரண்டியைக்கூட மெதுவாகத்தான் கிண்டத் தோன்றும்.

இரண்டாம் வருடம், பெந்தெகொஸ்தே ஞாயிறு. ஈஸ்டரிலிருந்து ஐம்பதாம் நாள் என்பதால் அது எப்போதும் கடும் வெயிலில் வரும். அன்று மூன்றாவது ஊரில் திருவிருந்து. வியாழக்கிழமை காய்ச்சிய ரசம், பழைய ஸ்குவாஷ் பாட்டிலில் ஊற்றி இறுக மூடியது. பாட்டில் சரியாகக் காயவில்லை போலிருக்கிறது. திராட்சை விஷயத்தில் ஒரு சொட்டு ஈரம் போதும். ஈஸ்ட் நுழைந்து, சர்க்கரையைத் தின்று, வாயுவாக்கிவிடும். நான்கு நாள் வெக்கை, அதற்கு மேல் பதினைந்து கிலோமீட்டர் கரடுமுரடுப் பாதையில் குலுங்கல். பை பீடத்துக்குப் பக்கத்தில் சும்மாதான் இருந்தது. இவர் அப்போஸ்தலர் இரண்டாம் அதிகாரத்தைப் பேசிக்கொண்டிருந்தார். சீஷர்கள் ஆவியால் நிறைந்து பேசுவதைப் பார்த்து, இவர்கள் குடித்திருக்கிறார்கள் என்று ஜனங்கள் கேலி செய்த இடம். அதைச் சொல்லி ஒரு நிறுத்தம் கொடுத்தார்.

டப்!

மூடி பறந்து ஆர்மோனியத்தில் பட்டது. பை ஓரத்திலிருந்து ஊதா நிற நுரை பொங்கித் தரையில் ஓடியது. ஒரு நொடி ஒரு சத்தமும் இல்லை. பிறகு முன்வரிசையில் இருந்த எண்பது வயதுத் தாத்தா, "அல்லேலூயா!" என்றார், முழு விசுவாசத்தோடு. கோயில் முழுக்கச் சிரிப்பு. சின்னப் பிள்ளைகள் எழுந்து நின்றுவிட்டார்கள். இவரும் புத்தகத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

சிரித்து முடித்ததும்தான் விஷயம் உறைத்தது. ரசம் இல்லை. நூற்றுச் சொச்சம் பேர் திருவிருந்துக்கு ஆயத்தமாகி வந்திருக்கிறார்கள், சிலர் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. நான் எழுந்து பின்பக்கம் போவதற்குள் இரண்டு இளவட்டங்கள் வண்டியைக் கிளப்பிவிட்டார்கள். ராஜபாளையம் சாலையோரத்தில் தள்ளுவண்டியில் திராட்சை விற்பார்கள். போய்வர எப்படியும் அரைமணி நேரம். இவர் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார். நான் இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினேன். புரிந்துகொண்டு, "இதைப் பற்றி இன்னும் ஒரு காரியம் சொல்லணும்" என்று தொடங்கினார். அன்று அவர் பேசியது ஐம்பத்தைந்து நிமிடம். பழம் வந்ததும் கோயிலுக்கு அடுத்த வீட்டு அடுப்படியில் ஆறு பெண்கள் சேர்ந்து உட்கார்ந்தோம். காய்ச்ச நேரமில்லை. அலசி, புதுத் துண்டில் முடிந்து, இரண்டு பக்கமும் ஆள் பிடித்துத் துணியை முறுக்கினோம். எங்கள் ஆறு பேர் கைகளும் மணிக்கட்டுவரை ஊதா. அந்தக் கைகளோடுதான் வரிசையில் போய் முழங்கால்படியிட்டோம். அப்பத்தை ரசத்தில் தோய்த்து ஒவ்வொருவருக்கும் கொடுத்துக்கொண்டு வந்தவர், எங்கள் ஆறு பேரிடம் வந்ததும் அந்தக் கைகளைப் பார்த்து ஒரு கணம் நின்றார். அது சிரிப்பு இல்லை. எனக்குத் தெரியும்.

ராத்திரி புளியமரத்தடியில் அன்று பாட்டு இல்லை. "ரசத்தை இனிமே அப்படியே பிழிஞ்சிரலாமா?" என்று கேட்டார். "பேசாம இருங்க" என்றேன்.

அறுப்பின் பண்டிகையை விட்டுவிட்டால் இந்தக் கட்டுரையே எழுதியிருக்க வேண்டாம். விளைச்சலின் முதற்பலனைக் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். எங்கள் ஊரில் குதிரைவாலி, பருத்தி, கொத்தமல்லி, சின்ன வெங்காயம், மிளகாய் வத்தல், பூசணி, சேவல், ஆட்டுக்குட்டி. ஆராதனை முடிந்ததும் வாசலில் ஏலம். ஏலம் எடுத்தவர் பொருளைத் திரும்பக் கோயிலுக்கே கொடுத்தால் மறுபடி ஏலம். ஒரு பூசணிக்காய் நான்கு கை மாறி கடைசியில் விளைவித்தவர் வீட்டுக்கே போய்ச் சேர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

போன தை மாதம், இரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுவன் வரிசையில் நின்றான். உள்ளங்கையில் ஒரு முட்டை. அவன் கோழியின் முதல் முட்டை. வீட்டிலிருந்து கோயில்வரை பொத்திக்கொண்டு வந்ததில் முட்டை சூடாக இருந்தது. அவன் அப்பா திருப்பூருக்குப் பின்னலாடை வேலைக்குப் போனவர். அம்மாவும் பையனும் மட்டும். ஏலம் போடுகிற பெரியவர் முட்டையை உயர்த்திக் காட்டி, "நாட்டுக்கோழி முட்டை, ஒரு தரம்!" என்றதும் பத்து ரூபாய் என்று ஒருவர் தொடங்கினார். ஐம்பது. நூறு. பையனுக்கு வாய் மூடவில்லை. இருநூறுக்கு ஒருவர் எடுத்து, திரும்பக் கொடுத்தார். மறுபடி ஏலம். டீக்கடைக்காரர் முந்நூறு. அவரும் திரும்பக் கொடுத்தார். மூன்றாவது முறை இவர் கை தூக்கினார். நான் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தேன், ஏனென்றால் மாதக் கடைசி. நூற்றைம்பதுக்கு எங்களுக்கே விழுந்தது. ஆயர் கேட்டதும் மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

முட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். நான் அவித்துவிடலாம் என்றேன். அதற்குள் பையன் வாசலில் வந்து நின்றான். "ஐயா, அதைச் சாப்பிட்டுறாதீங்க. அடை வைங்க. குஞ்சு பொரிக்கும்" என்றான். எங்களிடம் கோழி கிடையாது. அவனே அடைக்கோழி இருக்கும் வீட்டைக் கண்டுபிடித்து, எங்கள் முட்டையில் பென்சிலால் சிலுவை போட்டுக் கொடுத்துவிட்டு வந்தான். இருபத்தோரு நாள், தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் எங்களிடம் வந்து நிலவரம் சொன்னான். இப்போது அந்தக் கோழி எங்கள் கொல்லையில் திரிகிறது. இவர் ஜெபிக்கும்போது குறுக்கே வந்து கொக்கரிக்கிறது. அதை அறுக்கலாம் என்று இன்றுவரை யாரும் பேச்செடுக்கவில்லை.

டிசம்பரில் வீடு வீடாகப் பாடிப் போகும் கீத பவனி, ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள், பெரிய வெள்ளியன்று பன்னிரண்டிலிருந்து மூன்றுவரை வெயிலில் சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கிறது. ஒன்று மட்டும். கீத பவனியில் ராத்திரி இரண்டு மணிக்கு முப்பதாவது வீட்டில், நின்றபடியே தூக்கத்தில் ஆடிக்கொண்டு இவர் ஜெபித்தார்: "இந்த வீட்டு மகளுக்கு நல்ல வரன் கொடுத்தருளும்." அந்த வீட்டில் மகளே இல்லை, மூன்றும் பையன்கள். அடுத்த வீட்டில்தான் பெண். "ஆமென்" சொல்லிவிட்டு அந்த வீட்டு அம்மா, "அடுத்த வீட்டுக்கு இப்பவே சொல்லிட்டீகளேய்யா" என்றார். பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வைகாசியில் அந்த வீட்டு மூத்தவனுக்கும் அடுத்த வீட்டுப் பெண்ணுக்கும் இவரே கோயிலில் கல்யாண அறிவிப்பான ஓலை வாசித்தார்.

கடைசியாகப் போன மாத ஞாயிறு ஒன்று. நான்காவது ஊரிலிருந்து கிளம்பும்போதே வானம் கறுத்திருந்தது. பாதியில் பிடித்துக்கொண்டது மழை. புளியமரத்தடியில் நிற்காமல் நேராக வந்துவிட்டோம். குருமனைக்கு முந்தின வீடு, மேட்டில் இருப்பது, கிழக்குத் தெரு அப்பத்தாவின் வீடு. என் வெங்காயத்தை உரித்தாரே, அவரேதான். ஞாயிறு ராத்திரி எங்களுக்குத் தோசை அவர் வீட்டில். நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. இரண்டு வருடமாக, நாங்கள் படியேறும்போது முதல் தோசை கல்லிலிருந்து இறங்கும், சுடச் சுட. எப்படி அவ்வளவு சரியாக நேரம் பார்க்கிறார் என்று நாங்கள் ஆச்சரியப்பட்டதுண்டு.

அன்று சொட்டச் சொட்ட நனைந்து படியேறினோம். அடுப்பு எரியவில்லை. கல் குளிர்ந்து கிடந்தது. அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து கண்மாய்ப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தவர், எங்களைக் கண்டதும் பதறி எழுந்தார்.

"என்ன தாயி, இன்னைக்குப் புளியமரத்துகிட்ட நிக்கலையா?"

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"இங்கிட்டிருந்து பாத்தா வண்டி லைட்டு நல்லாத் தெரியும்ல. லைட்டு அணைஞ்சா கல்லைக் காய வப்பேன். மறுபடி எரிஞ்சா மாவை ஊத்துவேன். இன்னைக்கு அணையும் அணையும்னு பாத்துக்கிட்டே இருக்கேன், அணையவே இல்ல."

"ஊருக்கே தெரியுமா அப்பத்தா?" என்று இவர் மெதுவாகக் கேட்டார்.

"தெரியாம? அந்நேரத்துக்கு அந்தப் பக்கம் ஆடு மாடு கூட ஓட்டக் கூடாதுன்னு எளவட்டப் பயலுகளுக்குச் சொல்லி வச்சிருக்குல்ல. சின்னஞ்சிறுசுக, பேசிட்டு வரட்டும்னு."

எனக்கு நனைந்த சேலையோடு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைக்கக் காய்ந்த துணி எதுவும் இல்லை என்பதைக்கூட மறந்து.

அப்பத்தா ஒரு துண்டை எடுத்து என் மேல் போட்டார். "கல்லு காய அஞ்சு நிமிசம் ஆகும். ரெண்டு பேரும் இந்தத் திண்ணையில உக்காருங்க" என்றவர், திண்ணை விளக்கை அணைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.